சடுகுடு பாடும்போது மூச்சு முட்டுவது ஏன்?

கண்மணி, நீ சடுகுடு ஆடியிருக்கிறாய் அல்லவா? கோட்டைத் தாண்டி எதிரணிப் பக்கம் கால் வைத்ததும் "கபடி, கபடி, கபடி" என்று விடாமல் பாட வேண்டும். நடுவில் மூச்சை இழுத்துவிட்டால் அவுட். திரும்பி வந்து கோட்டைத் தொடும்வரை ஒரே மூச்சு.

பெரிய போட்டிகளில் இதற்கு 30 நொடி கெடு. கேட்பதற்குக் கொஞ்ச நேரமாகத்தான் தெரியும். ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கடைசிப் பத்து நொடி எப்படிப் போகும் என்று! நெஞ்சு முட்டும். முகம் சிவக்கும். "போதும், மூச்சை இழு!" என்று உள்ளேயிருந்து யாரோ பிடித்து உலுக்குவார்கள்.

யார் அப்படி உலுக்குவது? இந்தக் கேள்வி உனக்கு எப்போதாவது தோன்றியிருந்தால், சபாஷ்! ஆட்டத்தின் நடுவிலும் உன் மூளை விழித்திருக்கிறது.

"உள்ளே இருந்த ஆக்சிஜன் தீர்ந்திருக்கும்" என்று நீ சொல்லலாம். நல்ல ஊகம். பெரியவர்களைக் கேட்டாலும் பலர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் விடை வேறு. அதை இப்போதே சொல்ல மாட்டேன். காற்றோடு சேர்ந்து நாமும் ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவோம், வா.

வாசல் மூக்கு. அங்கே இருக்கும் முடிகள் தூசியைத் தடுக்கும். உள்ளே மடிப்பு மடிப்பான சுவர்கள். அவற்றில் இரத்தம் நிறைய ஓடுகிறது. அந்தச் சூட்டில் காற்று வெதுவெதுப்பாகிறது. சளி என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அந்தப் பசைதான் காற்றுக்கு ஈரம் தருகிறது. மார்கழிக் குளிரில் ஊட்டியில் நின்று நீ இழுக்கும் காற்றுகூட, நுரையீரலை எட்டும்போது உடம்பின் சூடான 37 டிகிரியை நெருங்கியிருக்கும். வாயால் இழுத்தால் இந்த உபசாரம் குறைந்துபோகும்.

தொண்டையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்னால் மூச்சுக்குழல். பின்னால் உணவுக்குழல். நீ எதையாவது விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே ஏறும். அதன்மேல் உள்ள சின்ன மடல் மூச்சுக்குழலின் வாயை மூடிக்கொள்ளும். கழுத்தில் விரல் வைத்து எச்சிலை விழுங்கிப் பார். ஏறி இறங்குகிறதா?

சரி, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தால் என்ன ஆகும்? சிரிக்க வழி திறந்திருக்க வேண்டும். விழுங்க மூடியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்குமா? ஒரு பருக்கை தவறி முன்பக்கம் போனாலும் இருமல் வெடித்துக் கிளம்பும். அதுதான் புரையேறுவது. "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று பாட்டி தலையில் தட்டுவார். யார் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அந்தப் பருக்கையை வெளியே தள்ளுவது இருமல்தான். அதனால் இருமல் வந்தால் அடக்காதே, நன்றாக இருமு.

இப்போது விரலைக் கொஞ்சம் கீழே கொண்டு வா. கழுத்துக் குழிக்கு மேலே மெல்லத் தடவு. அழுத்தக் கூடாது. மேடு மேடாகத் தெரிகிறதா? அவை குருத்தெலும்பு வளையங்கள். மூச்சுக்குழல் நசுங்கிவிடாமல் 16 முதல் 20 வளையங்கள் தாங்கிப் பிடிக்கின்றன. ஆனால் எதுவுமே முழு வளையம் கிடையாது. பின்பக்கம் மட்டும் குருத்தெலும்பு இல்லாமல் மென்மையாக இருக்கும். ஏன் என்று ஊகித்துப் பார். பின்னால் ஒட்டிக்கொண்டு இருப்பது உணவுக்குழல். பெரிய கவளம் ஒன்று இறங்கும்போது அது விரிய இடம் வேண்டாமா?

இந்தக் குழலின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள் அடர்ந்திருக்கின்றன. நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை அசைந்து, தூசி ஒட்டிய சளியை மேலே மேலே தள்ளுகின்றன. தொண்டைக்கு வந்ததும் அதை நீ அறியாமலே விழுங்கிவிடுகிறாய். மற்றதை வயிற்றின் அமிலம் பார்த்துக்கொள்ளும். பீடி, சிகரெட் புகை இந்த இழைகளைச் சேதப்படுத்துகிறது. நெடுநாள் புகைத்தவர்கள் காலையில் எழுந்ததும் அப்படி இருமுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெஞ்சுக்குள் வந்துவிட்டோம். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து வலது நுரையீரலுக்கு ஒன்றும் இடதுக்கு ஒன்றும் போகிறது. வலதில் மூன்று மடல்கள். இடதில் இரண்டுதான். இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் அதற்கு இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

பிரிந்த குழல் மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டும் நான்காகின்றன. நான்கு எட்டாகின்றன. பென்சிலை எடு, நீயே பெருக்கிக்கொண்டே போ. பத்தாவது பிரிவில் 1024 குழல்கள். இருபதாவது பிரிவில் பத்து லட்சத்தைத் தாண்டும். நம் நுரையீரலில் சுமார் 23 முறை இப்படிப் பிரிகின்றன. விடை எவ்வளவு வருகிறது? 83 லட்சத்துக்கும் மேல்!

அந்த மெல்லிய குழல்களின் நுனியில் கொத்துக் கொத்தாகக் குட்டி அறைகள் இருக்கின்றன. காற்று நுண்ணறைகள் என்று உன் பாடப்புத்தகத்தில் இருக்கும். ஒன்றின் அகலம் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. வளர்ந்த ஒருவரின் இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து 30 கோடி முதல் 50 கோடி வரை உண்டு. நீ பிறந்தபோது உனக்கு இவ்வளவு இல்லை. நீ வளர வளர அவையும் பெருகின.

ஏன் இத்தனை சின்னதாக, இத்தனை கோடியாக? ஒரே பெரிய பையாக இருந்தால் என்ன? இதைக் கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாப் பக்கமும் 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரக் கட்டியை நினைத்துக்கொள். ஒரு முகம் 100 சதுர செ.மீ. ஆறு முகங்களும் சேர்ந்து 600. அதையே 1 செ.மீ. துண்டுகளாக வெட்டு. ஆயிரம் துண்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 6 சதுர செ.மீ. மொத்தம் 6000! பொருள் கூடவில்லை. ஆனால் வெளிப்பரப்பு பத்து மடங்கு ஆகிவிட்டது.

நுரையீரல் செய்திருப்பதும் அதைத்தான். எல்லா நுண்ணறைச் சுவர்களையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். ஒரு பெரிய வகுப்பறையின் தரை அது. அவ்வளவும் உன் விலா எலும்புகளுக்குள் மடங்கிக் கிடக்கிறது. எனக்கு இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் வியப்பு தீர்வதில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நுண்ணறைகளின் உள்பக்கம் ஈரம். ஈரமான பாலித்தீன் பையின் வாயைப் பிரித்துப் பார்த்திருக்கிறாயா? ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விடவே விடாது. கோடிக்கணக்கான குட்டி அறைகள் அப்படி ஒட்டிக்கொண்டால் மூச்சு விடுவது எப்படி? அதற்காகவே நுரையீரல் ஒரு வழுவழுப்பான பொருளைத் தானே சுரந்து சுவர்களில் பூசிக்கொள்கிறது.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இந்தப் பொருள் கடைசி மாதங்களில்தான் போதுமான அளவு சுரக்கும். மிகவும் முன்கூட்டியே பிறந்த குழந்தைகள் பலர் முன்பெல்லாம் மூச்சுவிட முடியாமல் இறந்துபோனார்கள். காரணம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1959-இல் கண்டுபிடித்தார்: அந்தக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பூச்சு போதவில்லை. 1980-இல் ஜப்பானிய மருத்துவர் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு மருந்து செய்து, குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தினார். குழந்தைகளின் மூச்சு தேறியது. இன்று உலகமெங்கும் பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த வகை மருந்து தரப்படுகிறது. உன் வகுப்பிலேயே அப்படிப் பிழைத்த ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

சரி, இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் கனசதுரக் கணக்கை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பார். அவசரம் இல்லை, நான் காத்திருக்கிறேன்.

இப்போது ஒரு கேள்வி. காற்றை உள்ளே இழுப்பது யார்? நுரையீரலா? அதனால் தன்னை விரித்துக்கொள்ளவே முடியாது. விரிப்பதற்கான தசை அதற்கு இல்லை!

ஊசி மாட்டாத புதிய மருந்துச் சிரிஞ்ச் ஒன்று கிடைத்தால் எடுத்துக்கொள். உள்தண்டைப் பின்னால் இழு. காற்று தானாக உள்ளே வருகிறது. நீ காற்றைத் தொடவே இல்லை. உள்ளே இடத்தை மட்டும் பெரிதாக்கினாய். இடம் பெரிதானதும் உள்ளே அழுத்தம் குறைந்தது. வெளிக்காற்று எப்போதும் எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அழுத்தம் குறைந்த பக்கம் அது ஓடி வந்துவிட்டது.

உன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்ந்த கிண்ணமாக ஒரு தசை இருக்கிறது. அதன் பெயர் உதரவிதானம். அது இறுகும்போது கிண்ணம் தட்டையாகிக் கீழே இறங்கும். அதே நேரத்தில் விலா எலும்புகள் மேலேயும் வெளியேயும் எழும்பும். நெஞ்சுக்குள் இடம் பெரிதாகும். நுரையீரலும் கூடவே விரியும். காற்று உள்ளே வரும். ஒரு கையை வயிற்றிலும் இன்னொரு கையை விலாவிலும் வைத்து மெல்ல மூச்சை இழு. இரண்டு கையும் அசைகிறதா?

மூச்சை விடுவதற்கு இவ்வளவு வேலை இல்லை. தசை தளர்ந்ததும் நுரையீரல் தன் மீள்தன்மையால் தானே சுருங்கும். ஓடிக் களைத்திருக்கும்போது மட்டும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து தள்ளும்.

விக்கல் எப்படி வருகிறது என்றும் இப்போது நீயே சொல்லிவிடலாம். உதரவிதானம் சொல்லாமல் கொள்ளாமல் வெடுக்கென்று இறுகும். காற்று பாய்ந்து வரும். அடுத்த கணமே குரல்நாண்கள் மூடிக்கொள்ளும். "விக்!"

பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று போய்வருகிறது. உனக்கு ஏறத்தாழ ஒரு டம்ளர். பெரியவர் ஒரு நாளில் இருபதாயிரம் முறைபோல மூச்சு விடுகிறார். பத்தாயிரம் லிட்டர் காற்று!

அந்தக் காற்று நுண்ணறைக்குள் வந்ததும் என்ன நடக்கிறது? நுண்ணறையைச் சுற்றி நூலிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். அவற்றுக்குத் தந்துகிகள் என்று பெயர். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. இரத்தச் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையில் நுழைந்து போகின்றன. முக்கால் நொடிதான் அங்கே இருக்கும். அதற்குள் ஆக்சிஜன் சுவரைக் கடந்து, சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினோடு சேர்ந்துகொள்ளும். கார்பன் டை ஆக்சைடு எதிர்ப்பக்கமாக நுண்ணறைக்குள் வந்துவிடும்.

இந்தத் தந்துகிகளுக்கு ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-இல் ஒரு புத்தகம் எழுதினார். இதயத்திலிருந்து கிளம்பும் இரத்தம் உடம்பைச் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்று அதில் காட்டினார். ஆனால் போகும் குழாயிலிருந்து வரும் குழாய்க்கு அது எப்படித் தாவுகிறது? அவரால் பார்க்க முடியவில்லை. 1657-இல் இறந்துபோனார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி ஒரு தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். மெல்லிய அறைகள் தெரிந்தன. அவற்றின் சுவரில் இரு குழாய்களையும் இணைக்கும் நுண்குழாய் வலை தெரிந்தது. ஹார்வி தேடிய பாதை அதுதான். அவர் உயிரோடு இருந்து பார்த்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

உடம்புக்கு ஆக்சிஜன் எதற்கு? பாரிஸ் நகரத்தில் லவாய்சியர், லப்லாஸ் என்று இருவர் 1780-களில் ஒரு சோதனை செய்தார்கள். சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது விட்ட மூச்சில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்றும் பார்த்தார்கள். கரியை எரித்து அதே அளவு வாயு வந்தபோது உருகிய பனியோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருங்கி வந்தன. உயிருள்ள உடம்பில் மெதுவான எரிதல் ஒன்று நடக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அது நுரையீரலிலேயே நடப்பதாக லவாய்சியர் நினைத்தார். உண்மையில் உன் உடம்பின் கோடானுகோடி செல்களுக்குள் நடக்கிறது. காலையில் நீ சாப்பிட்ட இட்லி குளுக்கோஸாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து ஆற்றல் தருகிறது. கழிவாக வருவது நீரும் கார்பன் டை ஆக்சைடும். கண்ணாடியில் ஊதினால் பனி படர்கிறதே, அது அந்த நீராவியும் மூச்சுக்குழல் சேர்த்த ஈரமும்தான்.

இனி நம் பழைய கேள்விக்கு வரலாம். உள்ளே இழுக்கும் காற்றில் நூறு பங்குக்கு 21 பங்கு ஆக்சிஜன். வெளியே விடும் காற்றில்? 16 பங்கு இருக்கிறது! கால்வாசியைத்தான் எடுத்துக்கொண்டோம். மூச்சு நின்றுபோனவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதிக் காப்பாற்ற முடிவது அதனால்தான். ஆனால் கார்பன் டை ஆக்சைடைப் பார். உள்ளே போகும்போது 0.04 பங்கு. வெளியே வரும்போது ஏறத்தாழ 4 பங்கு. நூறு மடங்கு! பள்ளியில் ஆசிரியரைக் கேட்டுத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதிப் பார். அது பால்போல் வெளுக்கும். ஊதுவது மட்டும்தான், உறிஞ்சிவிடக் கூடாது.

உன்னை உலுக்கியது யார் என்று இப்போது தெரிகிறதா? ஆமாம், கார்பன் டை ஆக்சைடு! அது இரத்தத்தில் சேரச் சேர இரத்தத்தின் அமிலத்தன்மை துளித்துளியாகக் கூடுகிறது. மூளையின் அடியில், முகுளம் என்ற பகுதியில் இருக்கும் உணர்விகள் அதைக் கண்டுகொண்டு, "மூச்சை இழு" என்று உதரவிதானத்துக்குக் கட்டளை அனுப்புகின்றன. சடுகுடு பாடும்போது கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறதுதான். ஆனால் ஓடித் துள்ளும் தசைகள் அதைவிட வேகமாக உண்டாக்குகின்றன. சுருங்கிக்கொண்டே வரும் நுரையீரலும் தன் பங்குக்கு மூளையைத் தட்டுகிறது.

இதை நிறுவியவர்களில் முக்கியமானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கத் தொழிலாளர்கள் நச்சு வாயுவால் சாவதைக் கண்டு வருந்தி ஆராய்ந்தவர். அடைத்த பெட்டிக்குள் தானே உட்கார்ந்து, காற்று கெடக் கெடத் தன் மூச்சு எப்படி மாறுகிறது என்று கவனித்தார். மூச்சின் வேகத்தை ஆள்வது கார்பன் டை ஆக்சைடு என்று 1905-இல் பிரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து காட்டினார். சிறுவனாக இருந்தபோதே அப்பாவின் சோதனைகளுக்கு உதவிய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் பின்னாளில் தானும் பெரிய விஞ்ஞானியாகி, இந்தியாவிலேயே குடியேறி, 1964-இல் புவனேஸ்வரில் காலமானார்.

உன் பள்ளியில் காலையில் முதல் மணி அடிக்கும். எல்லோரும் வரிசைக்கு ஓடுவீர்கள். பிறகு இரண்டாம் மணி அடிக்கும். கார்பன் டை ஆக்சைடு அடிப்பது முதல் மணி. ஆக்சிஜன் இன்னும் நிறைய இருக்கும்போதே அது அடித்துவிடும். ஆக்சிஜனைக் கவனிக்கும் உணர்விகளும் கழுத்து இரத்தக் குழாயை ஒட்டி இருக்கின்றன. அது நன்றாகக் குறைந்த பிறகுதான் அவை உரக்கச் சத்தமிடும். அது இரண்டாம் மணி.

இதைத் தெரிந்துகொண்ட நீ, கிணற்றிலோ குளத்திலோ குளிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. முங்குநீச்சல் போட்டிக்கு முன்னால் சிலர் வேக வேகமாகப் பல முறை மூச்சு வாங்குவார்கள். அதிக நேரம் தம் கட்டலாம் என்று நினைப்பு. அப்படி மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் அதிகம் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறிவிடுகிறது. முதல் மணி உரிய நேரத்தில் அடிக்காது. மூச்சு முட்டாததால் தைரியமாக உள்ளேயே இருப்பார்கள். ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியில் சத்தமில்லாமல் மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள். நீ செய்யாதே. நண்பன் செய்தால் கையைப் பிடித்து நிறுத்து.

வீட்டில் செய்ய ஒரு வேலை தருகிறேன். ஒரு கடிகாரம், ஒரு நோட்டு போதும். உன் வீட்டுத் தாத்தா ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார்? அம்மா? தொட்டிலில் தூங்கும் தம்பிப் பாப்பா? வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. பெரியவர்களுக்கு 12-க்கும் 20-க்கும் நடுவே வரும். பிறந்த சில நாள் குழந்தைக்கு 30 முதல் 60 வரைகூட வரும். அதன் மூச்சு ஒரே சீராக இருக்காது. அதனால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே. முழு நிமிடமும் எண்ணு. மருத்துவமனையிலும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

பெரியவர்களை எண்ணும்போது மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதே. எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததுமே யாருடைய மூச்சும் மாறிவிடும். அவர்கள் செய்தித்தாள் படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொள்.